ஒரே ஃபைலாக இருந்தவரை

நாங்கள் எழுதிய ப்ரோக்ராம் முழுக்க ஒரே ஃபைலில் இருந்தது. நகரத்தில் பல கிளைகள் வைத்திருந்த ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்காக எழுதியது. நோயாளியின் பெயரைப் பதிவது, என்னென்ன டெஸ்ட் என்று குறிப்பது, முடிவை ஏற்றுவது, பில் போடுவது, ரிப்போர்ட்டை இணையத்தில் காட்டுவது எல்லாம் அதற்குள்ளேயே. ஆயிரக்கணக்கான வரிகள். முறையாகப் படித்த யாரும் அப்படி எழுத மாட்டார்கள். எழுதிய நாங்கள் இரண்டு பேருமே முறையாகப் படித்தவர்கள் இல்லை.

நான் திண்டுக்கல் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடத்தோடு நின்றவன். திருப்பூரில் பனியன் கம்பெனி, பெங்களூரில் கூரியர், சோலாப்பூரில் ஒரு லாட்ஜ் என்று சுற்றிவிட்டு ஹைதராபாத்துக்கு வந்தேன். வந்த இடத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை கிடைத்தது. ஆள் வராத மத்தியான நேரங்களில் அங்கேயே உட்கார்ந்து பைத்தான் ப்ரோக்ராமிங் கற்றுக்கொண்டேன். சாப்பாடு ஒரு வேளைதான் என்பதால் மத்தியானத்தில் செய்வதற்கு வேறு எதுவும் இல்லை.

கூட எழுதிய அவன் என் வயதுக்காரன். செகந்திராபாத்திலேயே பிறந்த தமிழன். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, மெட்டுகுடாவில் குவார்ட்டர்ஸ். பி.காம். படிப்பைப் பாதியில் விட்டிருந்தான். ஏன் விட்டாய் என்று கேட்டால், "கிளாஸ் போர்டு பிடிக்கல யார்" என்பான்; அந்த ஊரில் யார் என்றால் மச்சான். அது ஜோக் என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன். பிரவுசிங் சென்டருக்கு வந்து பழகியவன்தான் என்னை அந்த வேலைக்கு இழுத்துக்கொண்டு போனான். ஏ.எஸ்.ராவ் நகரில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடி. முதலாளி அங்கிருந்த அரசு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தஞ்சாவூர்க்காரர். எங்களைத் தவிர வேறு ஆள் கிடையாது. நான் மெட்டுகுடாவில் அவன் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி ஒரு அறை எடுத்தேன். ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வருவோம்.

ப்ரோக்ராமின் முக்கியமான பகுதி எல்லாம் அவன் எழுதியது. திரைகளை நான் செய்தேன். அவன் வேலை செய்யும் விதம் வேடிக்கையாக இருக்கும். அகலமான மானிட்டரின் நடுவில், ப்ரோக்ராம் எழுதும் எடிட்டர் சன்னலை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி வைத்துக்கொள்வான்.

"இவ்ளோ பெரிய மானிட்டர்ல ஏன்டா ஸ்டாம்ப் ஒட்டி வச்ச மாதிரி வச்சிருக்க?" என்று கேட்பேன்.

"மீதி எடத்துல நீ உன் ஹீரோயின் படத்தை ஒட்டிக்கோ. எனக்கு இது போதும்."

அந்தச் சின்னச் சன்னலுக்குள் ஆயிரக்கணக்கான வரிகளையும் ஓட்டுவான். எது எங்கே இருக்கிறது என்று அவனுக்கு மனப்பாடம். டிஸ்கவுன்ட் போடுகிற இடம் எங்கே என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போது, தன் இடத்திலிருந்து திரும்பாமலே சொல்வான்: "பில் முடியுற எடத்துல கேன்சல் வரும் பாரு, அதுக்குக் கொஞ்சம் மேல." போய்ப் பார்த்தால் இருக்கும். மேலே, கீழே என்ற இரண்டு திசைகள்தான் அந்த உலகத்தில். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு நாள் முதலாளி எங்களைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பரிசோதனை நிலையத்துக்காரர்கள் வேலையைப் பெரிதாக்கப் போகிறார்கள், அவர்கள் தரப்பிலிருந்து இரண்டு இன்ஜினியர்கள் வந்து எங்களோடு உட்காருவார்கள் என்றார்.

"அவா ஃபைலைப் பார்த்துட்டுச் சிரிக்கறா. ஒருத்தன் தொட்டா இன்னொருத்தன் கையைக் கட்டிண்டு உட்காரணும்னா எப்படி வேலை நடக்கும்? பில் ஒரு ஃபைல், ரிப்போர்ட் ஒரு ஃபைல்னு தனித்தனியா பிரிச்சிடுங்கோ. அவா வர்றதுக்குள்ள முடியணும்."

அவன் உடனே சொன்னான்: "நக்கோ சார், வேணாம். ஓடுறதை எதுக்கு சார் உடைக்கணும்?"

"நக்கோன்னா எப்படிப்பா? ஊரெல்லாம் அப்படித்தான் எழுதறா."

"சார், ஒரே ஃபைலா இருந்தா நான் எது கேட்டாலும் ஒரு நிமிஷத்துல குடுக்குறேன். பிரிச்சா எனக்கு வேலை ஓடாது."

"பழகிடும்."

அவன் எழுந்து தன் இடத்துக்குப் போனான். எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். பிரித்து எழுதுவதைப் பற்றி அப்போதுதான் படித்திருந்தேன். படிப்பை விட்ட எனக்கு, முறையாக ஒன்றைச் செய்யப் போகிறோம் என்ற நினைப்பே பெருமையாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது அவனிடம் அளந்துகொண்டே வந்தேன். அவன் சன்னலோர இடத்தில் உட்கார்ந்து, "ஹவ், ஹவ்" என்று அந்த ஊர் ஆமாமை மட்டும் சொல்லிக்கொண்டு வந்தான்.

தகவல்களைச் சேமித்து வைக்கிற டேபிள்களின் அமைப்பை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டோம். நோயாளி, டெஸ்ட், பில், ரிப்போர்ட் நான்கும் தனித்தனி ஃபைல். ஒரு ஃபைலுக்கு இன்னொன்றில் இருக்கும் ஏதாவது வேண்டுமென்றால், அதன் தலையில் ஒரு வரி எழுத வேண்டும்: அந்த ஃபைலிலிருந்து இதைக் கொண்டு வா என்று. அதுதான் இம்போர்ட். பிரித்த முதல் வாரம் முழுக்க இம்போர்ட் எரர்தான். இங்கே ஒன்றை எடுத்தால் அங்கே அது இல்லாமல் நிற்கும், அதைச் சரிசெய்தால் வேறொன்று கேட்கும். என் கம்ப்யூட்டரில் ஓடியது அவனுடையதில் ஓடவில்லை. நான் பழைய ஃபைலை அழித்துவிட்டேன், ஆனால் மெஷின் தனக்காக மாற்றி வைத்துக்கொண்டிருந்த அதன் நகல் என்னிடம் அப்படியே கிடந்தது. என் ப்ரோக்ராம் அந்தச் செத்த ஃபைலின் நகலை வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவன் அவன்தான்.

"பேயை வச்சு வேலை வாங்கிட்டு இருந்திருக்கடா நீ" என்றான்.

நகல்களை எல்லாம் துடைத்தோம். மிச்சமிருந்த பெரிய தொல்லை ஒன்றுதான். பில் ஃபைல் டேபிள் ஃபைலிடம் ஒன்றைக் கேட்கும். டேபிள் ஃபைல் திரும்பி பில்லிடம் ஒன்றைக் கேட்டால் போச்சு. மெஷின் பில்லை வாசிக்க ஆரம்பித்து, முதல் வரியிலேயே டேபிளுக்குப் போகும். டேபிள் பில்லிடம் கேட்கும்போது பில் இன்னும் பாதிகூட வாசிக்கப்பட்டிருக்காது. கேட்ட பெயர் அங்கே இல்லை என்று சொல்லி மொத்தமும் நின்றுவிடும். அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். டேபிள் ஃபைலிடம் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். டேபிள் ஃபைல் யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது. அதோடு ப்ரோக்ராம் ஓடியது. முதலாளி கீழே போய் ஆளுக்கு ஒரு துண்டு, தேங்காய் வைத்த தில்பசந்த் வாங்கிக்கொண்டு வந்தார்.

அதன் பிறகுதான் அது தொடங்கியது. காலையில் வந்து ப்ரோக்ராமைத் தட்டினால் நின்றிருக்கும். போய்ப் பார்த்தால் டேபிள் ஃபைலின் தலையில், பில்லிடம் ஏதோ கேட்கிற வரி ஒன்று இருக்கும். கட்டுப்பாட்டை வைத்தவர்களே நாங்கள்தான். எடுத்துவிடுவேன், சரியாகும். இரண்டு நாள் கழித்து நோயாளி ஃபைலில் ரிப்போர்ட்டின் வேலை ஒரு பத்தி முளைத்திருக்கும். அதையும் உரிய இடத்தில் கொண்டுபோய் வைப்பேன். அவன்தான் செய்கிறான் என்று தெரியும், வேறு யாரும் இல்லையே. பிரித்ததில் அவனுக்குக் கோபம், வீம்புக்குச் செய்கிறான் என்று நினைத்தேன்.

முதலாளி ஒரு தடவை அவனிடமே கேட்டுவிட்டார். "டேபிள் எது பில் எதுன்னு கொட்டை எழுத்துல மேல போட்டிருக்கேப்பா. கண்ணை எங்க வச்சிண்டு வேலை பண்றே?"

"மெட்டுகுடாவுல மறந்து வச்சிட்டு வந்துட்டேன் சார். நாளைக்கு எடுத்துட்டு வர்றேன்."

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

ஒரு மத்தியானம் முதலாளி பேங்குக்குப் போயிருந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் வழக்கம்போல் நடுவில் சின்னச் சன்னலில் தட்டிக்கொண்டிருந்தான். எழுதுவது பில் சம்பந்தப்பட்டது. திரையின் உச்சியில், எடிட்டருக்கு மேலே ஓடிய பட்டையில் டேபிள் ஃபைலின் பெயர் இருந்தது.

"இப்ப எந்த ஃபைல்ல இருக்க?" என்றேன்.

"பில்லுல."

"மேல பாரு."

அவன் கண்ணை மட்டும் உயர்த்தவில்லை. முகத்தையே தூக்கினான். இடப்பக்கம் கொண்டுபோனான், கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினான். கரண்ட் போன வீட்டில் சுவிட்ச் எங்கே என்று சுவரில் தடவுவதைப் போல, கழுத்தால் தடவினான். என் பக்கத்தில், பட்டப்பகலில், எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒரு வார்த்தையை அவன் அவ்வளவு தேடினான். பிறகு கிடைத்தது.

"ஓ, ஸாரி யார். மாறிடுச்சு."

நான் எழுந்து என் இடத்துக்குப் போய்விட்டேன். அங்கே உட்கார்ந்துதான் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. இருட்டுவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று அவன் அடம் பிடிப்பது. எப்போதாவது நேரமாகிவிட்டால், பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு வரை என் தோளில் கை போட்டு வருவது. அதை நான் சிநேகம் என்று நினைத்திருந்தேன். மேஜை ஓரத்தில் வைத்த டீ கிளாஸை அவன் கை தட்டிவிடும்போதெல்லாம் "எருமை" என்று திட்டியிருக்கிறேன். ஸ்கூட்டர் கற்றுக்கொள்ளச் சொன்னால், ஹைதராபாத் ரோட்டில் பைத்தியக்காரன்தான் ஓட்டுவான் என்று மழுப்புவான். ஒரே ஃபைலாக இருந்தவரை அவன் மேலே பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை. பெயரைப் பார்க்காமலே அவனுக்கு இடம் தெரிந்திருந்தது. பிரித்த பிறகு, தான் எங்கே இருக்கிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் ஒரு வேலை செய்தேன். பைத்தானில் ஒரு குறியைப் போட்டு எழுதினால் அந்த வரியை மெஷின் கண்டுகொள்ளாது, மனிதர்கள் படிப்பதற்கு மட்டும். எல்லா ஃபைல்களிலும், சில வரிகளுக்கு ஒரு தடவை அந்தக் குறியைப் போட்டு, பில் ஃபைலில் 'பில்', டேபிள் ஃபைலில் 'டேபிள்' என்று நிரப்பிவிட்டேன். அவன் சின்னச் சன்னலில் எங்கே நின்றாலும் ஒரு பெயர் கண்ணில் படும்.

அவன் வந்து ஃபைலைத் திறந்தான். கொஞ்ச நேரம் கீழே ஓட்டினான், மேலே ஓட்டினான். பிறகு, "சாய் குடிக்கப் போலாம்" என்றான்.

மூலையில் இருந்த இரானி ஹோட்டலில் சுவர் ஓரமாக உட்கார்ந்தோம். சாசரில் சாயை ஊற்றி ஆறவிட்டுக்கொண்டே கேட்டான்.

"எப்பத்துலேருந்து தெரியும்?"

"நேத்துதான்."

"பரவால்ல, லேட் பிக்-அப்." சிரித்தான். "ஓரத்துலேருந்து போயிட்டே வருதுடா. நடுவுல நல்லாத் தெரியும். பைப் வழியா பாக்குற மாதிரி. காலேஜ்லயே ஆரம்பிச்சிருச்சு. பைப்பும் சின்னதாயிட்டே வருது."

"டாக்டர்ட்ட காட்டினியா?"

"காட்டாம? பெரிய பேரா ஒண்ணு சொன்னாங்க. மருந்து கெடையாதாம். வந்து வந்து பாத்துட்டுப் போன்னாங்க. பாத்துட்டு என்ன பண்ண?"

"வீட்ல?"

"அம்மாவுக்கு ராத்திரி கண்ணு தெரியாதுன்னு தெரியும். பப்பாளி குடுக்குறாங்க. அப்பாவுக்குச் சொல்லல. அவரு ரிடையர் ஆகட்டும்."

நான் என் சாயை ஒரே மடக்கில் குடித்தேன். பசி, சம்பளமில்லாத மாதம், ரயில்வே பிளாட்பாரத்தில் படுத்தது, அதையெல்லாம் பற்றி யாராவது பேசினால் எனக்குப் பதில் சொல்ல வரும். இதற்கு வரவில்லை.

"மூஞ்சியை ஏன் இப்படி வச்சிக்கிற? வேலை ஓடுதுல்ல" என்றான். "நீ போட்டது நல்லா இருக்கு. ஆனா அந்தப் புதுப் பசங்க கேப்பாங்க."

"கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

"என்ன சொல்லுவ?"

"எங்க ஊர் பழக்கம்னு சொல்றேன். திண்டுக்கல்ல எல்லாரும் இப்படித்தான் எழுதுவோம்னு."

அன்று அவன் நன்றாகச் சிரித்தான்.

அந்த ஏற்பாட்டில் கொஞ்ச காலம் ஓடியது. காலையில் மட்டும் நான் முந்தின பஸ்ஸில் சீக்கிரம் வந்து, முதல் நாள் அவன் எழுதியதை ஒரு தடவை பார்த்துவிடுவேன். தவறான ஃபைலில் இருந்தால் எடுத்து மாற்றி வைப்பேன். அவன் வந்து உட்காரும்போது ப்ரோக்ராம் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. இந்த அலுவலகத்தில், இந்த ஃபைல்களோடு, அவன் இன்னும் சில வருடங்களை ஓட்டிவிடலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

இன்ஜினியர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். மரியாதையான பிள்ளைகள். வேலை தெரிந்தவர்கள். வந்த வாரத்தில், நாங்கள் இல்லாத ஒரு சனிக்கிழமை ஃபைல்களை எல்லாம் சுத்தம் செய்திருக்கிறார்கள். அதில் என் குறி வரிகளும் போயின. அவர்களில் தெலுங்குப் பையன் ஒருவன் திங்கள்கிழமை என்னிடம் சிரித்துக்கொண்டே, "எல்லா எடத்துலயும் பில் பில்னு இருந்தது, காபி-பேஸ்ட் மிஸ்டேக்னு எடுத்துட்டேன் அண்ணா" என்று இந்தியில் சொன்னான். அவனைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குப்பை மாதிரித்தான் இருந்திருக்கும். மறுபடியும் போடுகிறேன் என்று நினைத்திருந்தேன். அதற்கு அடுத்த நாள் பந்த். மெட்டுகுடாவிலிருந்து பஸ் இல்லை. நான் நடந்து வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது.

அவனை யாரோ ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டிருக்கிறார்கள். கிளை ஒன்றிலிருந்து பில்லில் ஒரு தப்பு என்று போன் வந்திருக்கிறது. சின்ன வேலை. உடனே சரிசெய்து நேராக சர்வரில் ஏற்றியிருக்கிறான், டேபிள் ஃபைலுக்குள். அதன் தலையில் மறுபடியும் பில்லிடம் கேட்கிற ஒரு வரி.

நான் படியேறும்போது எல்லா போன்களும் அடித்துக்கொண்டிருந்தன. எந்தக் கிளையிலும் எதுவும் வரவில்லை. பந்த் என்றாலும் பக்கத்துத் தெருக்களிலிருந்து வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆபரேஷனுக்கு ரிப்போர்ட் கேட்டு ஒருவர் சத்தம் போடுகிறார் என்று சொன்னார்கள். நான் நின்றபடியே அந்த வரியை எடுத்தேன். பத்தியை பில்லுக்கு மாற்றினேன். ஓட ஆரம்பித்தது.

முதலாளி நடுவில் வந்து நின்றார். அவர் கத்தவில்லை. "யார் பண்ணினது?" என்று மட்டும் கேட்டார்.

"நான்தான் சார்" என்றேன்.

"பொய் சொல்றான் சார்" என்றான் அவன், பின்னாலிருந்து. "அவன் இப்பத்தான் வந்தான். நான்தான். நான் எந்த ஃபைல்ல இருக்கேன்னு எனக்குத் தெரியல சார்."

"தெரியலன்னா?"

"கண்ணு போயிட்டு இருக்கு சார். மேல இருக்குற பேரு தெரியல. உங்களையும் இப்ப மூஞ்சி மட்டும்தான் தெரியுது."

எனக்குப் பிறகு வந்து சேர்ந்திருந்த இன்ஜினியர்கள் இரண்டு பேரும் தமிழ் புரியாமல் எங்கள் முகங்களைப் பார்த்தார்கள். முதலாளி மெதுவாக நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏம்ப்பா முன்னாடியே சொல்லல? பிரிக்காமலே இருந்திருக்கலாமே."

"எத்தன நாள் சார்?" என்றான். அது கேள்விதான். அவருக்குப் பதில் தெரிந்திருந்தால் அதைக் காது கொடுத்துக் கேட்டிருப்பான்.

முதலாளி நல்லவர். கிளைகளிலிருந்து வரும் போன்களைப் பார்த்துக்கொள், சம்பளம் அதேதான் என்றார். அவனும் சரி என்றான். ஒரு மாதம் போல அந்த மேஜையில் இருந்தான். போனில் யாராவது ஒரு தப்பைச் சொன்னால், அது எங்கே இருக்கும் என்று பழைய ஃபைலின் கணக்கில்தான் அவனுக்கு வரும். "ரிப்போர்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி" என்பான். அப்படி ஓர் இடம் இப்போது எங்குமே இல்லை. நாங்கள் மூன்று பேரும் ஃபைல்களில் தேடுவோம். அவன் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பான். கடைசியில் சொல்வதையும் நிறுத்திவிட்டான். "நோட் பண்ணிக்கிறேன் மேடம், எங்க ஆளுங்க பாப்பாங்க" என்று போனை வைத்துவிடுவான். எங்க ஆளுங்க என்று அவன் சொன்னதில் நானும் இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சொல்லிக்கொண்டு கிளம்பினான். அப்பா ரிடையர் ஆகிறார், அரக்கோணம் பக்கம் போகிறோம் என்றான். அன்று வேண்டுமென்றே நேரமாக்கினான் என்று நினைக்கிறேன். மெட்டுகுடாவில் இறங்கும்போது இருட்டியிருந்தது. என் தோளில் கை வைத்தான்.

"லெஃப்ட்ல பள்ளம் இருக்கா?"

"இருக்கு. தாண்டு."

"முன்னாடியெல்லாம் நீ சொல்லமாட்ட. நானா உன் தோள் இறங்குறதை வச்சுக் கண்டுபிடிப்பேன். இப்ப சொல்லுற. நல்லா இருக்கு."

குவார்ட்டர்ஸ் வாசலில் கையை எடுத்தான். உள்ளே வா என்று கூப்பிடவில்லை. உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

திங்கள்கிழமை நான் எப்போதும் போலச் சீக்கிரம் வந்து கதவைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். ப்ரோக்ராமைத் தட்டினேன். ஓடியது. டேபிள் ஃபைலைத் திறந்து பார்த்தேன், தலையில் எதுவும் இல்லை. பில், ரிப்போர்ட், நோயாளி எல்லாவற்றையும் திறந்தேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. மாற்றி வைக்க ஒன்றுமே இல்லை. மற்றவர்கள் வர இன்னும் நேரம் இருந்தது. கீழே மருந்துக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அங்கே இன்னும் ஏழெட்டு மாதம் இருந்துவிட்டுப் புனேவுக்குப் போனேன். அத்தனை மாதத்தில் அந்த எரர் ஒரு தடவைகூட வரவில்லை.